ஜோஹன்னஸ்பர்க்கில் துப்பாக்கி அனுமதி எடுத்துத் தரும் முகவர் சேவை: கொடுத்த பணத்துக்குத் தகுமா?

அமெரிக்காவிலிருந்து சொந்த ரைஃபிளை எடுத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறவர்களை நம்பியே ஜோஹன்னஸ்பர்க்கின் ஓ. ஆர். டாம்போ விமான நிலையத்தில் சில சிறு முகவர் நிறுவனங்கள் தொழில் நடத்துகின்றன. 'மீட் அண்ட் கிரீட்' என்பது அவர்களே வைத்துக்கொண்ட பெயர். புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே நம்முடைய ஆவணங்களை வாங்கிச் சரிபார்த்து, தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் தற்காலிக இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பித்து, நாம் வந்து இறங்கும் நாளில் பெயர்ப் பலகையுடன் காத்திருந்து, காவல்துறை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, அனுமதித் தாளும் ரைஃபிளும் நம் கைக்கு வந்த பிறகு வெளியே அனுப்பி வைப்பது இவர்களுடைய வேலை. சென்ற பயணத்தில் இந்தச் சேவையை நான் பணம் கொடுத்துப் பெற்றேன். முன்னொரு பயணத்தில் யாருடைய துணையும் இல்லாமல் அதே அலுவலகத்தின் வாசலில் வரிசையில் நின்று அனுமதி வாங்கியிருப்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுத முடிகிறது.

நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் ஏறத்தாழ ஒரே வேலையை, ஒருவருக்கொருவர் அதிகம் வேறுபடாத கட்டணத்தில் செய்கிறார்கள். எவரை அமர்த்துவது என்பதைவிட, இப்படி ஒருவரை அமர்த்துவதே அவசியமா என்பதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. என்னுடைய முடிவு இதுதான்: பணம் வீண்போகவில்லை, ஆனால் அவர்கள் எதைச் சொல்லி விற்கிறார்களோ அதற்காக அல்ல. விமான நிலையத்தில் மிச்சமாகும் நேரத்தை முன்னிறுத்தியே அவர்கள் விளம்பரம் செய்கிறார்கள். உண்மையான பயனோ, நாம் இன்னும் வீட்டில் இருக்கும்போதே, பிழையைத் திருத்திக்கொள்ள நாள் மீதமிருக்கும்போதே, அனுபவமுள்ள வேறொருவரின் கண் நம் தாள்களின்மீது படுவதில் இருக்கிறது.

அது ஏன் பயன் என்று விளங்க, தென்னாப்பிரிக்கா கேட்பது என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். அந்நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், வெளிநாட்டு வேட்டைக்காரர் எஸ்ஏபிஎஸ் 520 என்னும் படிவத்தை நிரப்பித் தற்காலிக அனுமதி பெற வேண்டும். ஒரு காலிபருக்கு, அதாவது ஒரு தோட்டா அளவுக்கு, ஒரு துப்பாக்கிதான். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்கள்தான், அவையும் கொண்டுவரும் துப்பாக்கிக்கு உரியவையாக இருக்க வேண்டும். தானியங்கி, அரைத்தானியங்கி வகைகளுக்கு இடமில்லை. தொடர் எண் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். படிவத்தோடு கடவுச்சீட்டின் நகல், திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு, வேட்டையை நடத்தித் தருபவரின் அழைப்புக் கடிதம், துப்பாக்கி நம்முடையதுதான் என்பதற்கான சான்று ஆகியவையும் வேண்டும். இவற்றை எடுத்துக்கொண்டு நேராகப் போய் இறங்கி அங்கேயே விண்ணப்பிப்பது ஒரு வழி. அப்படிச் செய்கிறவர்கள் படிவத்தைக் கறுப்பு மையால் நிரப்பி, கையொப்பத்தை மட்டும் காவல் அதிகாரியின் முன்னிலையில் போடுவதற்காக விட்டுவைக்க வேண்டும். பிரிட்டோரியாவில் உள்ள மத்தியத் துப்பாக்கிப் பதிவகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது இன்னொரு வழி. இதற்குக் குறைந்தது 21 நாட்கள் முன்னதாக அனுப்பும்படி காவல்துறை கேட்கிறது. முகவர்கள் அதைவிட அதிக நாட்களைக் கேட்கிறார்கள், கேட்பது நியாயமும்கூட.

அமெரிக்காவிலிருந்து போகிறவருக்குச் சிக்கல் தொடங்குவது உடைமைச் சான்றில்தான். தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அரசின் உரிமம் உண்டு. அமெரிக்காவில் சாதாரண வேட்டை ரைஃபிளுக்கு நாடு தழுவிய உரிமமோ பதிவோ கிடையாது. உரிமத்தைக் காட்டு என்று கேட்கும் ஓர் அதிகாரியிடம், எங்கள் நாட்டில் அப்படி ஒன்றே இல்லை என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இந்த இடைவெளியை நிரப்பி வருவது அமெரிக்கச் சுங்கத்துறையின் 4457 என்னும் படிவம். வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லும் சொந்தப் பொருட்களைத் திரும்பக் கொண்டுவரும்போது இறக்குமதி என்று கருதிவிடாமல் இருப்பதற்காக ஏற்பட்ட எளிய தாள் அது. கேமராவுக்கும் கைக்கடிகாரத்துக்கும்கூட அதையே தருவார்கள். கட்டணம் இல்லை. ஆனால் துப்பாக்கியைச் சுங்க அலுவலகத்துக்கு நேரில் எடுத்துச் சென்று, அதிகாரி தொடர் எண்ணைப் பார்த்த பிறகு, அவர் எதிரிலேயே கையொப்பமிட வேண்டும். போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, துப்பாக்கியுடன் வருவதாகச் சொல்லி நேரம் கேட்டுக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

அந்தப் படிவத்தின் மேல் மூலையில் ஒரு காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். அது படிவத்தின் அச்சுப் பதிப்புக்கு உரிய தேதியே தவிர, நமக்குத் தந்த சான்றுக்கு உரியதல்ல. அமெரிக்கச் சுங்கத்துறையைப் பொறுத்தவரை பழைய 4457 என்றைக்கும் செல்லும். ஆனால் ஜோஹன்னஸ்பர்க்கில் மேசைக்குப் பின்னால் இருப்பவர் அந்தத் தேதியைத்தான் பார்க்கிறார், தேதி கடந்திருந்தால் உரிமம் காலாவதியாகிவிட்டது என்று கருத இடமிருக்கிறது. இதனால் சங்கடப்பட்டவர்கள் பலர். நான் அமர்த்திய முகவர் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்: படிவத்தின் மேல் மூலையைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றார். என்னுடைய பழைய படிவத்தில் தேதி கடந்திருந்ததைப் பார்த்துவிட்டு, புதிய அச்சில் ஒன்று வாங்கி வரும்படி எழுதினார். கட்டணத்தில் பாதி அந்த ஒரு மின்னஞ்சலிலேயே எனக்குத் திரும்பிவிட்டது என்பேன்.

நம்மவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு தொல்லையும் இதில் உண்டு. குடும்பப்பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதிய இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் பலர். அமெரிக்கக் குடியேற்றத் துறை அந்தப் பெயரைக் குடும்பப்பெயராக மாற்றி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டுவிடுகிறது. பிறகு பயணச்சீட்டில் ஒரு வரிசை, பச்சை அட்டையில் ஒரு வரிசை, ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு வரிசை என்று ஒரே ஆள் மூவராகிவிடுகிறார். தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் விரிந்தும் இன்னோர் ஆவணத்தில் சுருங்கியும் இருப்பது தனிக் கதை. துப்பாக்கி அனுமதியில் எல்லாத் தாள்களும் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். என் தாள்களில் இருந்த வேறுபாட்டை முகவரின் அலுவலகம் கவனித்து, 4457-ஐயும் அழைப்புக் கடிதத்தையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே மாற்றி எழுதி வாங்கச் சொன்னது. இந்தியக் கடவுச்சீட்டுடன் போகிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்க விசாவும் தேவை என்பதால், விசா விண்ணப்பத்திலும் அதே எழுத்து வரிசையைக் காப்பாற்றுவது நல்லது. அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 90 நாட்கள்வரை விசா வேண்டியதில்லை.

வேறொரு பிழையையும் அவர்கள் பிடித்தார்கள். வேட்டைப் பண்ணைக்காரர் அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் .30-06 என்று இருக்க வேண்டிய இடத்தில் .300 என்று இருந்தது. பேச்சுவழக்கில் எந்த வேட்டைக்காரரும் கண்டுகொள்ளாமல் போகக்கூடிய வேறுபாடுதான். ஆனால் அவை வெவ்வேறு தோட்டாக்கள், காலிபர் வாரியாக அனுமதி தரும் ஓர் அலுவலகத்தில் அது வேறொரு துப்பாக்கி. இரண்டு நாளில் திருத்திய கடிதம் வந்து சேர்ந்தது. இதே பிழை விமான நிலையத்தில் தெரியவந்திருந்தால், பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் பறந்து வந்த களைப்போடு, தொலைபேசியை எடுக்காத பண்ணைக்காரரை அழைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டியதுதான்.

குறைகளும் இருக்கின்றன. ஆவணங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு அவர்களிடமிருந்து நீண்ட மௌனம். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு எழுதினால், எல்லாம் முறைப்படி நடக்கிறது, கவலை வேண்டாம் என்ற ஒரே பதில் வந்தது. அனுமதி தயாராகிவிட்டது என்ற செய்தி புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்புதான் கிடைத்தது. பதிவகத்தின் வேகம் அவர்கள் கையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'அனுமதி உறுதி' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதும் அவர்கள்தான். அனுமதி தருவது அரசு அலுவலகம், எந்த முகவரும் அதை உறுதிசெய்ய முடியாது. நகல்களுக்கு நோட்டரியின் கையொப்பம் வேண்டும் என்பதையும் அவர்கள் முதல் மின்னஞ்சலில் சொல்லாமல், பாதி வழியில் சொன்னார்கள். எதை எல்லாம் அனுப்ப வேண்டும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே முழுப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அவர்களுடைய அறிவின் எல்லை தென்னாப்பிரிக்காவின் வாசலோடு முடிந்துவிடுகிறது என்பது இதைவிடப் பெரிய குறை. விமானப் பயணத்தைப் பற்றிக் கேட்டால், எல்லாரும் கொண்டுவருகிறார்கள் என்பதற்கு மேல் பதில் இல்லை. ஆகவே இந்தப் பகுதியை வேட்டைப் பயணங்களைக் கையாளும் பயண முகவரிடம் கேட்டோ சொந்தமாகப் படித்தோதான் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க விதி தெளிவானது: குண்டு நிரப்பாத துப்பாக்கி, பூட்டிய கெட்டியான பெட்டி, பயணப்பெட்டிகளோடு மட்டும், ஒவ்வொரு முறையும் விமான நிறுவனத்தின் முகப்பில் வாய்விட்டு அறிவித்து. பெட்டியின் சாவி பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது கூட்டாட்சி விதி. தோட்டாக்கள் அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகத்தாலான டப்பாவில் இருக்க வேண்டும். பன்னாட்டு விமானங்களில் ஒருவருக்கு 5 கிலோ என்பது வழக்கமான உச்ச வரம்பு. .375 எச் அண்ட் எச் போன்ற கனமான தோட்டாவில் 5 கிலோ என்பது ஏறத்தாழ நூறு. ஆகவே தென்னாப்பிரிக்கச் சட்டம் 200 தோட்டாவை அனுமதித்தாலும் தராசு அதற்கு முன்பே நிறுத்திவிடும். மான் வகைகளுக்குப் போகிறவருக்கு நாற்பது தோட்டாவே மிகுதி என்பது வேறு விஷயம். அமெரிக்காவுக்குள் ரைஃபிளையும் தோட்டாவையும் ஒரே பெட்டியில் வைப்பதைப் பல விமான நிறுவனங்கள் ஏற்கின்றன. கடல் கடந்து போகும்போது தோட்டாக்களைச் சிறிய பூட்டிய பெட்டியில் இட்டு, துணிப்பெட்டிக்குள் தனியாக வைப்பதே தொல்லையற்றது.

அமெரிக்காவின் ஏற்றுமதிச் சட்டமும் ஒன்று இருக்கிறது. குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும் மூன்று துப்பாக்கிகளையும் ஆயிரம் தோட்டாக்களையும் தம் பயன்பாட்டுக்காகத் தனி உரிமம் இன்றி எடுத்துச் செல்லலாம் என்ற விலக்கு, 2020 மார்ச் முதல் வணிகத் துறையின் விதிகளின்கீழ் வருகிறது. இரவில் பார்க்க உதவும் கருவிகளும் வெப்பப் பிம்ப தூரநோக்கிகளும் இந்த எளிய விலக்கில் அடங்கா. எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். மாநில வேட்டை உரிமம் இருந்தால் அமெரிக்காவில் ரைஃபிள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்பதால், அதை வெளிநாட்டுக்கும் எடுத்துப் போகலாம் என்று ஆகிவிடாது. அவர்களுக்குப் பண்ணையில் வாடகைக்குக் கிடைக்கும் ரைஃபிளே ஏற்றது.

எந்த வழியாகப் பறப்பது என்பதில் நான் பிடிவாதக்காரன். அட்லாண்டாவிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு டெல்டாவும், நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க்கிலிருந்து யுனைடெட்டும் நேராகப் பறக்கின்றன. கட்டணம் சற்றுக் கூடினாலும் அட்லாண்டாவையே தேர்ந்தெடுப்பேன். மாநிலங்களைக் கடந்து போகும் துப்பாக்கி உரிமையாளருக்கு 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்பது உண்மை. ஆனால் 2005-இல் ஒரு பயணி இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, கைத்துப்பாக்கி இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு நியூவர்க்கில் விடுதியில் இரவு தங்கி, மறுநாள் காலை முகப்பில் முறைப்படி அறிவித்தபோது கைதானார். அவர் தொடுத்த வழக்கில், விடுதியில் பெட்டி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் அங்கே சட்டம் ஒன்றல்ல என்பது தெரிந்ததே. இருந்தாலும், விமானம் தாமதமாகி, பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்படும் வாய்ப்பு உள்ள ஊராக நியூ ஜெர்சியைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனமில்லை.

ஐரோப்பா வழியாகவோ வளைகுடா வழியாகவோ போனால் பயணச்சீட்டில் சில நூறு டாலர் மிச்சமாகலாம். அந்த மிச்சம் மாயை. ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போகும் ரைஃபிளுக்கு, அது விமானத்தின் அடிவயிற்றிலேயே இருந்தாலும், நெதர்லாந்தின் முன் அனுமதி தேவை. வளைகுடா நிறுவனங்களும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு ஒப்புதல் பெறச் சொல்கின்றன. தனித்தனிச் சீட்டுகளாக வாங்கியிருந்தால் நடுவழி நாட்டில் பெட்டியை வெளியே எடுக்க நேரும், அந்த நாட்டின் சட்டம் முழுவதும் அப்போது தலைமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். போகவும் வரவும் ஒரே சீட்டு, கூடியவரை ஒரே நிறுவனம் என்பதில் சமரசம் செய்துகொள்ளக் கூடாது.

இனி இறங்கிய பிறகு நடந்தவை. குடியேற்றச் சோதனையைக் கடந்ததும் முகவரின் ஆள் பெயர்ப் பலகையுடன் நின்றிருந்தார். ரைஃபிள் பெட்டி மற்றப் பெட்டிகளோடு சுழல்பட்டையில் வருவதில்லை, நேராகக் காவல்துறையின் துப்பாக்கி அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. தெரியாதவர்கள் பட்டையைப் பார்த்தபடி கலங்கி நிற்பார்கள். அலுவலகத்தில் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, தொடர் எண்ணை அனுமதித் தாளோடு ஒப்பிட்டு, தோட்டாக்களைக் கேட்டுப் பார்த்து, கையொப்பம் வாங்கிக்கொண்டார். எல்லாம் மரியாதையாகவும் விரைவாகவும் முடிந்தது. முகவர் வரிசையைத் தாண்டி நம்மைக் கொண்டுபோகிறார் என்று நினைப்பது சரியல்ல. தாள் முன்பே தயாராக இருப்பதால் அதிகாரிக்கு எழுத வேண்டியது குறைவு, அவ்வளவுதான். தனியாகப் போன பயணத்தில் அதே அலுவலகத்தில் நடத்தையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு முன்னால் பலர் இருந்ததும், ஒவ்வொருவருக்கும் அங்கேயே எழுதித் தர வேண்டியிருந்ததும்தான் தாமதத்துக்குக் காரணம். மே முதல் செப்டம்பர்வரையிலான குளிர்கால வேட்டைப் பருவத்தில் இரவு நேர விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும்போது இந்த வேறுபாடு மணிக்கணக்காகிவிடும். பருவம் அல்லாத மாதங்களில் பெரிதாகத் தெரியாது.

கூடவே நிற்கும் அந்த ஆளால் இன்னொரு சிறு நன்மையும் உண்டு. உதவி செய்கிறேன் என்று கேட்காமலே பெட்டியில் கை வைத்து, பிறகு பணத்துக்கு நிற்பவர்கள் அவரைப் பார்த்ததும் விலகிப் போனார்கள்.

நான் கொடுத்தது நூற்றைம்பது டாலருக்குச் சற்றுக் குறைவு. வேட்டைக்கும் விமானத்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது உப்புக்கும் புளிக்கும் ஆகும் காசு. ஆனால் அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பண்ணையிலேயே நல்ல ரைஃபிளைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துவிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். குடு, இம்பாலா போன்ற மான் வகைகளைத் தேடி முதல் வேட்டைக்குப் போகிறவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். 4457 இல்லை, 520 இல்லை, தராசு இல்லை. தம் தோளுக்குப் பழகிய ரைஃபிள் இல்லாமல் குறி பிடிக்காது என்பவருக்கும், காட்டெருமைக்காகவே ஒரு .375-ஐ வாங்கி மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவருக்கும்தான் இந்த முழு ஏற்பாடும். நமீபியாவுக்கு நேராகப் போய் விண்ட்ஹூக்கில் இறங்குகிறவர்களுக்கு முகவரே வேண்டாம். அங்கே வேட்டை ரைஃபிளுக்கான தற்காலிக அனுமதி விமான நிலையத்திலேயே எளிய படிவத்தில் கிடைக்கிறது. கைத்துப்பாக்கிக்கு மட்டும் அங்கே இடமில்லை.

திரும்பிப் போகும் நாளுக்கும் துணை வருவதாகச் சொல்லி, அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன், அது சரியான முடிவாகவே அமைந்தது. புறப்படும்போது முகப்பில் அறிவித்ததும் காவல் அதிகாரி வந்து அனுமதித் தாளையும் தொடர் எண்ணையும் பார்க்கிறார், பெட்டி போய்விடுகிறது. இதற்குத் தேவை முகவர் அல்ல, நான்கு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வதுதான். அட்லாண்டாவில் இறங்கியதும் சுங்கத்தில் 4457-ஐக் காட்டி, பெட்டியை உள்நாட்டு விமானத்துக்கு மறுபடியும் அறிவித்து ஒப்படைக்க வேண்டும். ஆகவே இணைப்பு விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வைத்துச் சீட்டு வாங்குங்கள். முகவரிடம் வருகைக்கு மட்டுமான கட்டணத்தைக் கேளுங்கள், முன் விண்ணப்பமும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன் மாதப் பயணத்துக்கு மார்ச்சுக்குள் தாள்களை அவர்கள் கையில் சேர்த்துவிட்டால், பண்ணைக்காரரின் கடிதத்தை இரண்டு முறை திருத்தி வாங்கினாலும் நாள் மீதமிருக்கும்.